டாக்ரோலிமஸா, சைக்ளோஸ்போரினா: மாற்றுச் சிறுநீரகத்துக்கான மாத்திரையும் இதயத்தின் கணக்கும்

மாற்றுச் சிறுநீரகம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோகிறவர்கள் பலர். அதற்கு முக்கியக் காரணம் இதயநோய். சென்னையில் மாற்று முடிந்து வீடு திரும்புகிறவரின் மருந்துச் சீட்டில், உடல் புதுச் சிறுநீரகத்தை நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகிய இரண்டு மருந்துகளில் எது இருக்கிறது என்பது இதயத்தையும் தொடும் முடிவு.

நிராகரிப்பைத் தடுப்பதில் டாக்ரோலிமஸ்தான் மேல். 2007-இல் வெளிவந்த சிம்பொனி ஆய்வில், ரத்தத்தில் மருந்தின் அளவை ஒரு மில்லிக்கு 3–7 நானோகிராமில் வைத்த டாக்ரோலிமஸ் பிரிவில்தான் சிறுநீரகம் நன்றாக வேலை செய்தது. இதயப் பக்கம் வந்தால் கணக்கு மாறுகிறது. சைக்ளோஸ்போரின் பி.பி.யையும் கெட்ட கொழுப்பையும் ஏற்றும், ஈறும் தடிக்கும். டாக்ரோலிமஸ் அவற்றில் கொஞ்சம் தேவலை, ஆனால் இன்சுலின் சுரப்பை அடக்கிச் சர்க்கரையை வரவழைக்கும். அதே ஆண்டின் டைரக்ட் ஆய்வில், 6 மாதத்தில் சர்க்கரை நோயோ வெறும் வயிற்றுச் சர்க்கரைக் கோளாறோ புதிதாக வந்தவர்கள் டாக்ரோலிமஸில் 33.6%, சைக்ளோஸ்போரினில் 26%.

நமக்கு இந்த வித்தியாசம் சின்னதில்லை. தெற்காசியர்களுக்குப் பெரிய தொப்பை இல்லாமலே, இளவயதிலேயே சர்க்கரை வருகிறது. பி.எம்.ஐ. 23 தாண்டினாலே கவனம் தேவை.

இந்தச் சர்க்கரையைக் கண்டுபிடிப்பதில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். நிராகரிப்பைத் தடுக்க இவற்றோடு காலையில் போடும் ஸ்டீராய்டு மதியத்துக்கு மேல்தான் சர்க்கரையை ஏற்றும். காலை வெறும் வயிற்றில் 95, மாலை 4 மணிக்கு 240 என்று இருக்கலாம். லேப் ரிப்போர்ட்டில் முதல் எண் மட்டும் இருந்தால் எல்லாம் சரி என்று தோன்றும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ1சி-யையும் முதல் சில மாதங்கள் நம்ப முடியாது: ரத்தசோகை, ரத்தம் ஏற்றியது எல்லாம் அதைக் குறைத்துக் காட்டலாம். மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்து வீட்டு மீட்டரில் பாருங்கள். உடல்நிலை நிலைத்த பிறகு 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

‘கறுப்பினத்தவருக்கு டாக்ரோலிமஸ் டோஸ் அதிகம் வேண்டும்’ என்று அமெரிக்கப் பாடநூல் பேசும். அடியில் இருப்பது சி.ஒய்.பி.3ஏ5 என்ற மரபணு. அது வேலை செய்கிறவர்களின் உடல் மருந்தை வேகமாகக் கரைத்துவிடும். ஆப்பிரிக்க வம்சாவளியில் பெரும்பாலோர் அப்படி, ஐரோப்பியரில் சிலரே, நம்மவர்கள் நடுவில். இந்த மரபணு வேலை செய்கிறவர்களுக்கு ஆரம்ப டோஸே 1.5 முதல் 2 மடங்கு தேவைப்படும். ஆனால் அங்கே கறுப்பினத்தவர் மாற்றுச் சிறுநீரகத்தை அதிகம் இழப்பதற்கு மரபணு மட்டும் காரணமில்லை. 65 வயதுக்குட்பட்ட பலருக்கு 36 மாதத்தோடு அரசுக் காப்பீடு மருந்துக்குப் பணம் தருவதை நிறுத்திக்கொண்டிருந்தது. 2023-இல்தான் அது மாறியது. மாத்திரை நின்றால் எந்த இனத்தவரின் சிறுநீரகமும் போகும்.

அதனால் இனத்தைப் பார்க்காமல் ரத்தத்தில் மருந்தின் லெவலைப் பாருங்கள். இரவு 8 மணிக்குப் போட்டவர் காலை 8 மணிக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரை சட்டைப் பையில் இருக்கட்டும், ஊசி எடுத்த பிறகு வாய்க்குப் போகட்டும். முன்பே போட்டுவிட்டால் லெவல் பொய்யாக ஏறும், டோஸைக் குறைப்பார்கள், நிராகரிப்பு வரும். மாத்திரையின் கம்பெனி மாறினாலும் லெவல் பார்க்க வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் இரண்டு மருந்தின் அளவும் சரிந்துவிடும், பி.பி.க்குத் தரும் டில்டியாசெம் ஏற்றிவிடும்.

கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகளோடு சேரும்போது சைக்ளோஸ்போரின் கடுமையானது. அதோடு ரோசுவாஸ்டாடின் 5 மி.கி., அடோர்வாஸ்டாடின் 10 மி.கி. தாண்டக் கூடாது, சிம்வாஸ்டாடின் கூடவே கூடாது. தசை சிதைந்து புதுச் சிறுநீரகத்தையே அடைக்கலாம். டாக்ரோலிமஸோடு இந்தக் கட்டுப்பாடு இவ்வளவு இல்லை. மாரடைப்பு ஏற்கெனவே வந்தவருக்கு இது பெரிய சௌகரியம்.

பெரும்பாலோருக்கு டாக்ரோலிமஸ், குறைந்த அளவில், என்பதே எங்கள் தேர்வு. சர்க்கரை கட்டுக்கடங்காமல் போய், நிராகரிப்பு அபாயமும் குறைவாக இருப்பவருக்கு மட்டும் சைக்ளோஸ்போரினுக்கு மாற்றலாம். மாற்றும்போது இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது: கடைசி டாக்ரோலிமஸுக்குப் பிறகு 24 மணி நேரம் இடைவெளி, பிறகு சில வாரங்களுக்கு சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினையும் லெவலையும் அடிக்கடி பார்க்க வேண்டும்.