இரண்டாம் வகுப்புச் சேதி வீட்டுக்குப் போக எது நல்ல வழி: டைரியா, வாட்ஸ்அப் குரூப்பா, செயலியா, வாரக் கடிதமா?

ஏழு வயதுக் குழந்தையிடம் "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன படிச்ச?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். குழந்தை எதையும் மறைக்கவில்லை. காலையில் குச்சிகளைக் கட்டி அவிழ்த்துக் கணக்குப் போட்டதும், மதியம் வட்டமாக உட்கார்ந்து கதை கேட்டதும் "படிப்பு" என்ற பெயரில் அதன் மனதில் பதிவதில்லை. முதல் வகுப்பில் வாசலில் நின்று நான்கு கேள்வி கேட்ட பெற்றோரும், இரண்டாம் வகுப்பில் பிள்ளையை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அதனால் உள்ளே நடப்பதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஆசிரியரின் வேலையாகிறது.

இரண்டாம் வகுப்பு எடுக்கும் நான் இந்த நான்கு வழிகளையும் வெவ்வேறு ஆண்டுகளில் முழுதாக நடத்திப் பார்த்திருக்கிறேன். நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன்: நான் அனுப்பியதைப் பார்த்தவர், அன்றிரவு குழந்தையிடம் "என்ன படிச்ச?" என்பதைவிட நல்லதாக ஒரு கேள்வி கேட்க முடிந்ததா?

டைரி

டைரியின் பெரிய பலம், அது பையோடு போய்ப் பையோடு வருவதுதான். சார்ஜ் வேண்டாம், நெட் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். ஒரு குழந்தைக்கு ஒரு டைரி என்பதால் சொல்ல வேண்டியதை அந்த வீட்டுக்கு மட்டும் சொல்லலாம். "இன்று மதியச் சாப்பாடு பாதிதான் சாப்பிட்டாள்", "கண்ணைச் சுருக்கிக்கொண்டு கரும்பலகையைப் பார்க்கிறான், கண் மருத்துவரிடம் காட்டுங்கள்" மாதிரியான சேதிகளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

ஆனால் வகுப்பில் என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்பதை டைரி சொல்வதே இல்லை. "கணக்கு, பக்கம் 43, 5 முதல் 8 வரை." இதில் பெற்றோருக்குத் தெரிவது ஒரு பக்க எண் மட்டும்தான். அதையும் குழந்தைதான் பலகையைப் பார்த்து எழுத வேண்டும். இரண்டாம் வகுப்பில் நான்கு வரி எழுதிமுடிக்கப் பத்து நிமிடம் போகும், அப்புறமும் 43 என்பது 34 ஆகி வீட்டுக்குப் போகும். பெற்றோர் டைரியில் போடும் கையெழுத்தை நம்பியும் பயனில்லை. கையெழுத்து இருந்தால் பேனா வைத்தார்கள் என்று அர்த்தம், படித்தார்கள் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் நான் தாமதமாகத்தான் கவனித்தேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியும். "பாடநேரத்தில் பேசிக்கொண்டே இருக்கிறான்" என்று சிவப்பு மையில் நான் எழுதிய பக்கத்தை ஒரு பையன் கிழித்து நான்காக மடித்துப் பையின் அடியில், பென்சில் சீவல்களுக்குக் கீழே வைத்திருந்தான். தன்னைப் பற்றிய புகாரைத் தானே சுமந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டிய நிலையில் அவனை நான்தான் வைத்தேன். அன்றிலிருந்து டைரியில் புகார் எழுதுவதில்லை. சொல்லியே ஆக வேண்டியதாக இருந்தால் போன் செய்கிறேன்.

வாட்ஸ்அப் குரூப்

வேகத்தில் இதற்கு ஈடு இல்லை. திடீர் விடுமுறை, சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பும் நாள், "நாளை விளையாட்டு வகுப்பு, ஷூ போட்டு அனுப்புங்கள்" எல்லாம் ஐந்து நிமிடத்தில் போய்ச் சேரும். பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே இருப்பதால் புதிதாக எதையும் கற்றுத்தரவும் வேண்டாம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். நான் ஒரு வரி போடுவேன். கீழே வரிசையாக "ஓகே மிஸ்", "நன்றி மிஸ்", கைகூப்பும் பொம்மை, யாரோ அனுப்பிய காலை வணக்கப் படம். வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு போனை எடுக்கும் அப்பாவுக்கு என் ஒரு வரி எங்கே போனது என்றே தெரியாது. மறுநாள் அவர் பிள்ளை மட்டும் ஷூ இல்லாமல் வரும்.

ஒப்பிடும் வேகமும் இங்கேதான் அதிகம். ஒருமுறை நல்ல மனதோடு எட்டுப் பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சி நோட்டைப் படம் எடுத்துப் போட்டேன். "என் பொண்ணு நோட்டு ஏன் இல்லை மிஸ்?" என்று முதல் செய்தி வர அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த எட்டு நோட்டுகள் மற்ற வீடுகளுக்கெல்லாம் "உங்கள் பிள்ளை இதில் இல்லை" என்ற சேதியைச் சொல்லிவிட்டன. அந்தக் கேள்வி நியாயமானது. குழந்தைகளின் முகம் தெரியும் படத்தை எல்லோருக்கும் போடுவதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் சம்மதம் வாங்க வேண்டும் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

குரூப்பை வைத்துக்கொள்வதென்றால் அமைப்பை மாற்றிவிடுங்கள். அட்மின் மட்டும் செய்தி அனுப்பும் வசதி 2018-லேயே வந்துவிட்டது. அதைப் போட்டதும் குரூப் ஒரு அறிவிப்புப் பலகையாகிவிடும், பேச வேண்டியவர்கள் தனியாகப் பேசுவார்கள். ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரிய வேண்டாம் என்றால் பிராட்காஸ்ட் பட்டியல் இருக்கிறது. 256 பேர் வரை சேர்க்கலாம், ஒவ்வொருவருக்கும் தனிச்செய்தி போலவே போகும். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். சேமிக்காதவருக்குச் செய்தி வரவில்லை என்பது உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆண்டின் முதல் கூட்டத்திலேயே எல்லோரையும் உட்காரவைத்து எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுவது நல்லது.

செயலிகள்

சீசா, கிளாஸ்டோஜோ, கூகுள் கிளாஸ்ரூம் மூன்றையும் ஒரே கூடையில் போடக்கூடாது, மூன்றும் மூன்று விதம்.

எனக்கு மனதுக்குப் பிடித்தது சீசா. இதில் குழந்தையே தன் வேலையைப் படம் எடுத்து, தன் குரலில் விளக்கிப் பதிவு செய்யலாம். அந்தக் குழந்தையின் வீட்டார் தங்கள் பிள்ளையின் வேலையை மட்டும் பார்ப்பார்கள், ஒப்பிடும் பேச்சுக்கு இடமில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் எழுத்துக்கூட்டி வாசித்த குரலையும், ஆறு மாதம் கழித்து அதே பத்தியை நிற்காமல் வாசிக்கும் குரலையும் அடுத்தடுத்துக் கேட்கும் பெற்றோருக்கு நான் மதிப்பெண் பட்டியல் காட்ட வேண்டியதே இல்லை.

கிளாஸ்டோஜோ 2011-ல் தொடங்கியது. செய்தியை மொழிபெயர்த்துப் படிக்கும் வசதி உண்டு, வீட்டு மொழி வேறாக இருக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் நடத்தைக்குப் புள்ளி கொடுக்கும் பகுதியை நான் பயன்படுத்துவதில்லை. "இன்று மூன்று புள்ளி" என்று வீட்டுக்குப் போனால், ஏன் ஐந்து இல்லை என்ற விசாரணைதான் நடக்கும். கூகுள் கிளாஸ்ரூம் பெற்றோருக்குத் தினமும் அல்லது வாரம் ஒருமுறை மின்னஞ்சலில் சுருக்கம் அனுப்பும். முடிக்காத வேலை, வரப்போகும் வேலை எல்லாம் அதில் இருக்கும். பெரிய வகுப்புகளுக்கு அது சரி. இரண்டாம் வகுப்பில் நடப்பதில் பாதிக்கு மேல் ஒப்படைக்கும் வேலையாகவே இருக்காது.

செயலிகளின் பொதுவான குறை, அவற்றைத் தேடிப் போய்த் திறக்க வேண்டும் என்பதுதான். என் வகுப்பில் முதல் மாதம் அநேகமாக எல்லோரும் திறந்தார்கள், மூன்றாம் மாதத்தில் பாதிப் பேர்கூட இல்லை. மூன்று பிள்ளைகள் மூன்று வகுப்பில், ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு செயலி என்றால் எந்த அம்மாவாலும் தொடர முடியாது. பள்ளி முழுக்க ஒரே செயலி என்று முடிவெடுத்தால் மட்டுமே இறங்குங்கள்.

மின்னஞ்சல் பார்க்கும் வீடுகள் என் வகுப்பில் குறைவு, அதை விட்டுவிடுகிறேன். பெற்றோர் கூட்டத்தை இவற்றோடு ஒப்பிடவே முடியாது. முகம் பார்த்துப் பேசும் பத்து நிமிடத்துக்கு மாற்று இல்லை, ஆனால் அது ஆண்டுக்கு மூன்று நான்கு முறைதான்.

வாரக் கடிதம்

நான் இப்போது நிலைத்திருப்பது இதில்தான். வெள்ளிக்கிழமை ஒரு தாள், ஒரே பக்கம். இந்த வாரம் என்ன கற்றோம், அடுத்த வாரம் என்னென்ன நாள், வீட்டில் கேட்க ஒரு கேள்வி. ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில் இருக்கும், அதனால் நூலக நாள் எது என்று பார்க்க வலது மூலையைப் பார்த்தால் போதும்.

இது மற்ற வழிகளால் முடியாத ஒன்றைச் செய்கிறது: எப்படிச் சொல்லித்தருகிறோம் என்று விளக்க இடம் தருகிறது. கழித்தல் தொடங்கிய வாரத்துக் கடிதத்தில் இப்படி எழுதினேன்:

"52-லிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். உங்கள் குழந்தையிடம் 5 பத்துக் கட்டும் 2 தனிக் குச்சியும் இருக்கும். 2-லிருந்து 7 போகாது. அதனால் ஒரு கட்டை அவிழ்த்தால் 4 கட்டு, 12 குச்சி. 12-ல் 7 போக 5, 4 கட்டில் 2 போக 2. விடை 25. வீட்டில் 'பக்கத்து எண்ணிடம் கடன் வாங்கு' என்று சொல்ல வேண்டாம், 'எந்தக் கட்டை அவிழ்க்கப் போகிறாய்?' என்று கேளுங்கள்."

இதற்கு முந்தைய ஆண்டுகளில் இதே பாடத்தின்போது பாதிப் பிள்ளைகள் திங்கட்கிழமை குழம்பிப்போய் வருவார்கள். வகுப்பில் கட்டு அவிழ்ப்பது, வீட்டில் கடன் வாங்குவது என்று இரண்டு பாதை. வீட்டில் சொன்னதும் தப்பில்லை, இரண்டும் ஒன்றுதான் என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. அந்த எட்டு வரி போன பிறகு குழப்பம் வெகுவாகக் குறைந்தது.

கேள்வியோடு அனுப்பும் யோசனை என்னுடையதல்ல. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் எப்ஸ்டீன், குடும்பமும் பள்ளியும் சேர்ந்து இயங்கும் விதங்களை ஆறு வகையாகப் பிரித்தவர். வீட்டில் ஒருவரிடம் பேசி முடிக்க வேண்டிய வீட்டுப்பாடங்களையும் அவர் குழுவினர் வடிவமைத்தார்கள். பாடம் சொல்லித்தருவது பெற்றோரின் வேலை ஆகாது, குழந்தை சொல்வதைக் கேட்பது மட்டுமே அவர்கள் பங்கு. படிக்காத பெற்றோரும் இதைச் செய்ய முடியும்.

எவ்வளவு அடிக்கடி என்பதற்கும் ஒரு தடயம் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் நான்கு வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கு ஆய்வாளர்கள் பென் யார்க், சூசன்னா லோப் இருவரும் வாரம் மூன்று குறுஞ்செய்திகள் அனுப்பிப் பார்த்தார்கள்: ஒரு தகவல், செய்துபார்க்க ஒரு சிறு யோசனை, அடுத்த படிக்கு ஒரு வழி. பெற்றோர் வீட்டில் பிள்ளையோடு அதிகம் ஈடுபட்டார்கள். தினம் பத்துச் செய்தி வரும் குரூப்பைவிட, அளவாகவும் செய்யக்கூடியதாகவும் வருவது பலன் தருகிறது என்பதுதான் என் வகுப்பிலும் நான் கண்டது.

குறைகளும் இருக்கின்றன. எழுத எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. அவசரச் சேதிக்கு உதவாது. தனிப்பட்ட குழந்தையைப் பற்றி எதுவும் சொல்லாது. அப்புறம், படிக்கத் தெரியாதவர் வீட்டில் அது வெறும் தாள்.

இந்தக் கடைசிக் குறையை ஒரு பாட்டிதான் எனக்குக் காட்டிக்கொடுத்தார். அப்பா அம்மா இருவருக்கும் இரவு வேலை, பேத்தியைப் பார்த்துக்கொள்வது அவர்தான். கடிதங்களை ஒன்றுவிடாமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் சேர்த்து வைத்திருந்தார், கூட்டத்துக்கு அப்படியே கொண்டுவந்து "இதெல்லாம் பத்திரமா வெச்சிருக்கேன் மிஸ், என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க" என்றார். அந்த வாரத்திலிருந்து கடிதத்தை ஒரு நிமிடக் குரல் பதிவாகவும் பேசி அனுப்புகிறேன். வேறு சில வீடுகளிலும் தாளைவிட அதைத்தான் விரும்புகிறார்கள், சமைத்துக்கொண்டே கேட்கலாம்.

அப்படியானால் எதை எடுப்பது? ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், யோசிக்காமல் வாரக் கடிதத்தையும் அதன் குரல் பதிவையும் எடுங்கள். இரண்டாவதாக ஒன்று சேர்க்கலாம் என்றால் அட்மின் மட்டும் பேசும் குரூப், அவசரத்துக்கு மட்டும். டைரி ஏற்கெனவே பள்ளியில் இருந்தால் அதை அந்த ஒரு குழந்தையைப் பற்றிய சேதிக்கு ஒதுக்குங்கள், வாரத்தில் ஐந்து பிள்ளைகள் வீதம் நல்லதாக ஒரு வரி எழுதினால் ஆறு வாரத்தில் முப்பது பிள்ளைகளின் வீட்டுக்கும் போய்விடும். செயலியைப் பள்ளி தரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் முடிவு செய்வதற்கு முன், ஆண்டின் முதல் வாரத்தில் நான் ஒரு சின்னச் சீட்டு அனுப்புகிறேன். அதில் மூன்று கேள்விகள்தான். சாயங்காலம் குழந்தையின் பையைத் திறப்பது யார்? அவருக்குப் படிப்பது எளிதா, கேட்பது எளிதா? எந்த மொழியில்? முதல் கேள்விக்கு அம்மா, அப்பா தவிர பாட்டி, அக்கா, பக்கத்து வீட்டு அத்தை என்றெல்லாம் பதில் வருகிறது. கடிதத்தை அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.