ஷியா மரமா, ஃபைதர்பியாவா?

மேற்கு ஆப்பிரிக்கச் சவன்னாவில் (மரங்கள் சிதறி நிற்கும் புல்வெளியில்) நிலத்தை உழும்போது சில மரங்களை வெட்டாமல் விட்டுவைப்பது பழைய வழக்கம். எதை விடுவது என்பதில்தான் குழப்பம்: கொட்டையிலிருந்து வெண்ணெய் தரும் ஷியா மரத்தையா, மண்ணுக்கு உரம் சேர்க்கும் ஃபைதர்பியா மரத்தையா?

இயற்கைப் பரப்பு
ஷியா: செனகலிலிருந்து உகாண்டா, எத்தியோப்பியா வரை நீளும் பட்டை. நம் இலுப்பையின் குடும்பம். விதையில் எண்ணெய் இருப்பதில் வியப்பில்லை.
ஃபைதர்பியா: இன்னும் அகலம். செனகல் முதல் செங்கடல் வரை, தெற்கே நமீபியா வரை, அரேபியாவிலும்கூட.

காத்திருப்பு
ஷியா காய்க்கவே 15 முதல் 20 ஆண்டுகள் ஆகலாம். அதனால் பலரும் புதிதாக நடுவதில்லை, தானாக முளைத்ததைக் காப்பாற்றுகிறார்கள். ஃபைதர்பியா இதைவிட வேகமாக வளரும்.

பயிருக்கு
இங்கே ஃபைதர்பியாவுக்குப் போட்டியே இல்லை. மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு, கோடையில் பச்சையாக நிற்கும் விசித்திர மரம் இது. கம்பு வளரும்போது நிழல் தொல்லை கிடையாது. உதிர்ந்த இலை உரமாகிறது, வேர் தழைச்சத்தை நிலைநிறுத்துகிறது. வறண்ட மாதங்களில் நெற்றுகள் ஆடுமாடுகளுக்குத் தீவனம். ஷியாவின் அடர்ந்த நிழலிலோ தானிய விளைச்சல் குறையும்.

வருமானம்
ஷியா. கொட்டை பொறுக்கி வெண்ணெய் எடுப்பது பெரும்பாலும் பெண்கள். அந்தக் காசும் அவர்கள் கைக்கே வருகிறது. சாக்லேட், அழகுப்பொருள் நிறுவனங்கள் வாங்குகின்றன.

மண் களைத்த கம்பு நிலமும் கால்நடையும் உள்ளவர் ஃபைதர்பியாவை வளர்க்கட்டும். நல்ல மழை பெறும் புர்கினா ஃபாசோவின் தென்பகுதி, வடக்கு கானா போன்ற இடங்களில், ஏற்கெனவே நிற்கும் ஷியாவை வெட்டுவது வீண் நட்டம்.