கூரைக் கம்பியா, இணையக் கம்பியா? லண்டனில் இலவச டிவி

2024 ஜூலை 10. யூரோ கோப்பை அரையிறுதி, இங்கிலாந்துக்கும் நெதர்லாந்துக்கும். 1-1 என்று நிற்கிறது, ஆட்டம் முடியப்போகிற நேரம். எங்கள் டிவியில் பந்து நடுக்களத்தில் இப்படியும் அப்படியும் உருண்டுகொண்டிருக்க, சுவருக்கு அந்தப் பக்கம் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு கத்தல். மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "கோல் போட்டுட்டாங்க போலப்பா." அரை நிமிடம் போனதும் வாட்கின்ஸ் எங்கள் டிவியிலும் அந்தக் கோலைப் போட்டார். மரியாதைக்குக் கைதட்டினோம்.

பக்கத்து வீட்டில் கூரை ஏரியல், அதாவது ஆன்டெனா. எங்கள் வீட்டில் பிராட்பேண்ட். இணையத்தில் வரும் எந்த நேரலைக்கும் இந்தத் தாமதம் உண்டு. படத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, அனுப்பி, இந்தப் பக்கம் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டத் தொடங்கும். ஏரியலிலும் ஓரிரு வினாடி போகும், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் கோலை முந்திக்கொண்டு சொல்கிற அளவுக்குப் போகாது.

அந்த வருட வசந்தத்தில்தான் ஹாரோ பக்கம் இந்த வீட்டுக்கு வந்திருந்தோம். புகைபோக்கியில் பழைய ஏரியல் ஒன்று இருந்தது. டிவியில் செருகினால் 'சிக்னல் இல்லை' என்றது. ஏணி வைத்து ஏற ஆள் கூப்பிட்டால் எவ்வளவு ஆகுமோ என்ற சோம்பலில், இணையம் வழியாக இலவச டிவி காட்டும் 'ஃப்ரீலி' உள்ளேயே இருக்கும் புது டிவி ஒன்றை வாங்கி வைஃபையில் இணைத்துவிட்டேன். அந்த ஏற்பாட்டில் நாலைந்து மாதம் ஓட்டிவிட்டு, பிறகு ஏரியலையும் சரிசெய்தேன். ஆக இரண்டையும் ஒரே வீட்டில், ஒரே டிவியில் பார்த்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். என் ஓட்டு ஏரியலுக்கு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு இரண்டு வரி. ஃப்ரீவியூ என்பது கோபுரத்திலிருந்து வீட்டு ஏரியலுக்கு வரும் டிஜிட்டல் ஒளிபரப்பு. 2002 அக்டோபரில் தொடங்கியது. 2012-இல் அனலாக் முழுக்க நிறுத்தப்பட்ட பிறகு, ஏரியலில் டிவி என்றாலே ஃப்ரீவியூதான். ஃப்ரீலி என்பது அதே பிபிசி, ஐடிவி, சேனல் 4, சேனல் 5 ஆகியவை பிராட்பேண்ட் வழியாக நேரலையாக வருவது. 2024 ஏப்ரல் 30 அன்று வந்தது. வேடிக்கை என்னவென்றால் இரண்டு கடைக்கும் முதலாளி ஒருவரேதான். அந்த ஒளிபரப்பாளர்கள் சேர்ந்து நடத்தும் எவ்ரிஒன் டிவி.

'இலவசம்' என்ற சொல்லுக்கும் ஒரு பொடிக்குறிப்பு வேண்டும். நேரலையாக எந்தச் சேனலைப் பார்த்தாலும், எந்த வழியில் பார்த்தாலும், டிவி லைசென்ஸ் கட்டியாக வேண்டும். பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரில் பழைய நிகழ்ச்சி பார்ப்பதற்கும் வேண்டும். 2025 ஏப்ரலில் அது வருடத்துக்கு 174.50 பவுண்டு ஆனது. ஏரியலைக் கழற்றிவிட்டால் லைசென்ஸ் வேண்டாம் என்று நம்பிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவர் நம்பிக்கை அவருக்கு.

எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். படத் தெளிவில் பிராட்பேண்ட் முன்னால் நிற்கிறது. ஃப்ரீவியூவில் எச்டி கொஞ்சம் சேனல்களுக்குத்தான், மீதியெல்லாம் பழைய தரம். ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை முதலிலிருந்து பார்ப்பது ஃப்ரீலியில் ஒரு பொத்தான். சேனல் எண்ணிக்கை ஏரியலில் கூடுதல், ஆனால் அந்தக் கூடுதலில் பாதி நகை விற்பதும் பழைய தொடர்களும்தான். தமிழ் வேண்டுமென்றால் எங்கள் வீட்டில் யூடியூப், அது வேறு கணக்கு.

பதிவு செய்வதை மட்டும் இப்படித் தாண்ட மனம் வரவில்லை. 2021 பிப்ரவரி, லாக்டவுன் காலம். இங்கிலாந்து அணி இந்தியாவுக்குப் போயிருந்தது, டெஸ்ட் தொடரை சேனல் 4 இலவசமாகக் காட்டியது. முதல் இரண்டு டெஸ்டும் சேப்பாக்கத்தில். சென்னையில் காலை ஒன்பதரை என்றால் இங்கே விடிகாலை நாலு. அப்போது இருந்த பழைய வாடகை வீட்டில் ஏரியலும் ஹார்ட் டிஸ்க் வைத்த ரெக்கார்டர் ஒன்றும் இருந்தன. நாலு மணிக்கு அது தானாக விழித்துக்கொள்ளும், நான் தூங்குவேன். இரண்டாவது டெஸ்ட்டில் அஷ்வின் சொந்த மண்ணில் அடித்த 106-ஐ, எழுந்த பிறகு சாவகாசமாக இட்லியோடு, விளம்பரத்தை ஓட்டிவிட்டுப் பார்த்தது அப்படித்தான். எங்கள் ஃப்ரீலி டிவியில் பதிவு என்ற பேச்சே இல்லை. கேட்ச்-அப்பில், அதாவது ஒளிபரப்பானதைப் பிறகு இணையத்தில் பார்க்கும் வசதியில், தேடிக்கொள் என்கிறது. கேட்ச்-அப்பில் விளம்பரத்தைத் தாண்ட விடமாட்டார்கள்.

சரி, நான் கட்சி மாறிய காரணத்துக்கு வருகிறேன். காசைவிடப் பெரிய காரணம் அது. பழுது வந்தால் எங்கே வருகிறது, யார் சரிசெய்வது என்பது.

அக்டோபரில் ஏரியல்காரர் வந்தார். அறுபது வயது இருக்கும், ஏணியைத் தூக்கிக்கொண்டு தனியாக வந்தார். மேலே ஏறிப் பார்த்துவிட்டு, ஏரியலில் ஒன்றும் இல்லை, வயர்தான் போய்விட்டது என்றார். பழைய வயரை ஒரு முழம் வெட்டி என் முன்னால் சாய்த்துக் காட்டினார். உள்ளேயிருந்து ஒரு தேக்கரண்டி பழுப்புத் தண்ணீர் தரையில் சொட்டியது. மேலே ஏரியலோடு சேருமிடத்தில் உறை வெடித்து, மழை உள்ளே இறங்கி, செப்புப் பின்னல் முழுக்கப் பச்சை பிடித்திருந்தது. கோயில் குளத்தில் கிடந்து எடுத்த காசு மாதிரி.

புது வயர் போட்டார். மேலே இணைப்பைச் சுற்றி, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் கருப்பு ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றினார். வயர் சுவருக்குள் நுழையும் துளைக்குக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டார். ஏன் என்று கேட்டேன். மழைத்தண்ணீர் வயர் வழியாக ஓடிவந்து அந்த வளையத்தின் அடியிலேயே சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது என்றார். 140 பவுண்டு. ஒன்றரை மணி நேரம். அதற்குப் பிறகு அந்த ஏரியலுக்காக நான் ஒரு பென்னி செலவழிக்கவில்லை, அதைப் பற்றி நினைக்கவும் இல்லை.

இப்போது இணைய வழியில் எத்தனை கண்ணிகள் என்று எண்ணிப் பாருங்கள். தெருவில் வரும் லைன், ரவுட்டர், வைஃபை, டிவியின் சாஃப்ட்வேர், அதற்குள் இருக்கும் ஆப், அதற்குப் பின்னால் இருக்கும் சர்வர். இவற்றில் எது மாறினாலும் என்னைக் கேட்டு மாறப்போவதில்லை. சென்ற ஆண்டு பிராட்பேண்ட் நிறுவனம் மாறினோம். பழையவர் சொன்ன தேதியில் சரியாக வெட்டிவிட்டார். புதியவர் சொன்ன தேதியில் வரவில்லை. ஒன்பது நாள். போனில் காத்திருந்தபோது கேட்ட இசை இன்னும் காதில் இருக்கிறது. அந்த ஒன்பது நாளும் வீட்டில் டிவி ஓடியது ஏரியல் புண்ணியத்தில்.

அதைவிட எனக்கு உறுத்துவது டிவிக்கு வயதாகிற விதம். எங்களிடம் 2014-இல் வாங்கிய டிவி ஒன்று இருக்கிறது. அப்போதைய 'ஸ்மார்ட்' ரகம். பேனல் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் அதிலிருந்த கேட்ச்-அப் ஆப்கள் ஒவ்வொன்றாக, 'இந்தச் சாதனத்தில் இனி இயங்காது' என்று சொல்லிக்கொண்டு போய்விட்டன. எதுவும் உடையவில்லை, எதையும் யாரும் சரிசெய்யவும் முடியாது. அதே டிவியின் ஏரியல் துளையில் வயரைச் செருகினால் இன்றைக்கும் எல்லாச் சேனலும் வருகிறது. பன்னிரண்டு வருடம் கழித்து என் ஃப்ரீலி டிவி என்ன செய்யும் என்று அடித்துச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. வாங்கி அவ்வளவு காலம் ஆகவில்லை. பழைய டிவியை வைத்து யூகிக்கிறேன், அவ்வளவுதான்.

ஏரியலுக்கும் சங்கடம் உண்டு. கோடையில் உயர் அழுத்த வானிலை வந்து உட்கார்ந்துவிட்டால் படம் சதுரம் சதுரமாக உடையும். மேலே வெப்பக் காற்றும் கீழே குளிர்ந்த காற்றும் அடுக்காக நின்று, அலைகளை வளைத்து எங்கேயோ இருக்கும் கோபுரத்தின் சிக்னலை இங்கே கொண்டுவந்து போடும். நான் தூத்துக்குடிக்காரன். எண்பதுகளில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தென்னை உயரத்துக்கு ஆன்டெனா நட்டு, பூஸ்டர் மாட்டி, கடல் தாண்டி இலங்கை ரூபவாஹினியைப் பிடித்துப் பார்த்தது இதே வித்தையில்தான். அப்பா மொட்டை மாடியில் குழாயைத் திருகிக்கொண்டே "தெரியுதாடா?" என்று கேட்பார். புழுக்கமான ராத்திரியில் தெளிவாகத் தெரியும். அன்றைக்குப் படம் கொண்டுவந்த அதே வானிலை இங்கே படத்தைக் கெடுக்கிறது. இங்கே செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, ஓரிரு நாளில் தானாகச் சரியாகும். டிவியைச் சேனல்களைப் புதிதாகத் தேடவைக்கும் ரீட்யூன் மட்டும் செய்துவிடாதீர்கள். சிக்னல் கெட்டிருக்கும்போது ரீட்யூன் செய்தால் இருக்கிற சேனலும் பட்டியலிலிருந்து அழிந்துபோகும். நான் ஒரு தடவை அழித்தேன்.

கோபுரமே போனால்? அதுவும் நடந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 10 அன்று வடக்கு யார்க்ஷயரில் பில்ஸ்டேல் கோபுரத்தில் தீப்பிடித்து, லட்சக்கணக்கான வீடுகளில் டிவி நின்றது. பலருக்கு வாரக்கணக்கில் வரவில்லை. அந்த நேரத்தில் பிராட்பேண்ட் வைத்திருந்தவர்கள் நிம்மதியாக இருந்திருப்பார்கள். மறுக்க மாட்டேன். எங்களுக்கு வாய்த்தது கிரிஸ்டல் பேலஸ் கோபுரம். மாடி ஜன்னலிலிருந்து வானம் தெளிந்த நாளில் தூரத்தில் ஊசி மாதிரி தெரியும். மலைக்குப் பின்னால், சின்ன ரிலே கோபுரத்தை நம்பி இருப்பவர்களுக்குச் சேனலும் குறைவாகத்தான் வரும். என் கணக்கை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு கேள்வி, ஏரியலே எத்தனை நாளைக்கு என்பது. 2034 வரை ஃப்ரீவியூ இருக்கும் என்று உறுதி சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு என்ன என்று 2024-இல் ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஆஃப்காம் ஒரு அறிக்கையில் மூன்று வழி வைத்தது: ஒளிபரப்பைப் புதுப்பித்துத் தொடர்வது, முக்கியமான சில சேனல்களோடு சுருக்குவது, 2030-களில் மெல்ல அணைத்துவிடுவது. இதைக் காட்டித்தான் நண்பர்கள் என்னைக் கேலி செய்கிறார்கள், சாகப்போகிற குதிரைக்கு லாடம் அடித்தேன் என்று. 140 பவுண்டைப் பத்து வருடத்தால் வகுத்துச் சொன்னேன். பேச்சு மாறிவிட்டது.

"வீட்டில் எப்படியும் இணையம் இருக்கிறதே, தனியாக என்ன செலவு?" என்பது பிராட்பேண்ட் கட்சியின் நல்ல வாதம். எங்களைப் போன்ற வீட்டுக்கு அது சரி. ஆனால் எங்கள் தெருமுனையில் யாழ்ப்பாணத்து மாமி ஒருவர் தனியாக இருக்கிறார். இணையம் இல்லை, தேவையும் இல்லை. பேரன் வந்து, டிவிக்காக பிராட்பேண்ட் எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறான். மாதாமாதம் பில், ஒப்பந்தத்துக்கு நடுவிலேயே விலை ஏற்றம், அப்புறம் பாஸ்வேர்டு. மாமி என்னிடம் சொன்னது: "தம்பி, மூண்டை அமத்தினா ஐரிவி வரோணும். அவ்வளவுதான் எனக்கு." ஏரியலில் மூன்றை அழுத்தினால் ஐடிவி வருகிறது.

மாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறீர்களா? பொது ஏரியல் இல்லை, வீட்டுக்காரர் ஆணி அடிக்கவும் விடமாட்டார் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஃப்ரீலிதான். புது டிவி வாங்க வேண்டியதில்லை, பழைய டிவியில் மாட்டும் தனிப் பெட்டியும் வந்துவிட்டது. ஜன்னலோரம் வைக்கும் பத்து பவுண்டு ஏரியலை நம்பாதீர்கள். முந்தைய வீட்டின் படுக்கையறையில் வைத்துப் பார்த்தேன், யாராவது குறுக்கே நடந்தால் பிபிசி போய்விடும்.

தனி வீடு என்றால், புது டிவிக்குக் காசு எடுத்துவைக்கும் முன் சுவர்களை ஒரு சுற்றுப் பாருங்கள். மின்சார பிளக்குக்குப் பக்கத்தில், ஏரியல் வயர் செருகும் ஒரு வட்டத் துளை இருக்கும். எங்கள் வீட்டில் ஹாலில் ஒன்று என்றுதான் நினைத்திருந்தோம். போன மாதம் பெயின்ட் அடிக்க அலமாரியை நகர்த்தியபோது மாடியிலும் ஒன்று அகப்பட்டது. 2014 டிவி இப்போது அங்கே இருக்கிறது.