வண்ணாரப்பேட்டையில் ரொக்கம் கொடுத்து விமான டிக்கெட் எடுப்பவர்கள் கவனத்துக்கு

சென்ற வாரம் எதிர்வீட்டுப் பெண், எம்.சி. ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் அந்த டிராவல்ஸ் கடையில் டிக்கெட் எடுக்கப் போவதாகச் சொன்னாள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இத்தனை நாள் வெளியே சொல்லாமல் இருந்தது என் தவறு.

சில ஆண்டுகளுக்கு முன் விசாகப்பட்டினத்தில் அக்கா மகளுக்குக் கல்யாணம். முழங்கால் வலியோடு அம்மாவால் இரவு முழுக்க ரயிலில் வர முடியாதென்று நான்கு பேருக்கும் விமானத்தில் எடுத்தேன். சிறிய ஜெட் நிறுவனம், கட்டணமும் குறைவு. கார்டை நீட்டினேன். "மெஷின் பழுது சார், ரொக்கமாகக் கொடுத்தால் முந்நூறு குறைத்துக்கொள்கிறேன்" என்றார் கடைக்காரர். 18,400 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். காலண்டர் தாளைக் கிழித்து, பின்புறம் பிஎன்ஆர் எண்ணை எழுதிக் கொடுத்தார். ரசீது அவ்வளவுதான்.

நான் உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில் ஒரு பெரியவர், அதே நிறுவனத்தின் ரத்தான டிக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "ஐயா, சாயங்காலம் வாருங்கள்" என்று அவரை அனுப்பிவிட்டுத்தான் என் பணத்தை வாங்கினார். தெரிந்தே விற்றார்.

ஒன்பதாம் நாள் அந்த நிறுவனம் சேவையை நிறுத்தியது. ரயிலில் அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கை கிடைக்கவில்லை. அவரை வீட்டில் விட்டுவிட்டுத்தான் கல்யாணத்துக்குப் போனோம்.

சின்ன நிறுவனங்களுக்கு விமானம் பெரும்பாலும் சொந்தமல்ல, குத்தகை. வாடகை பாக்கி விழுந்தால் கொடுத்தவர் திருப்பி எடுத்துக்கொள்வார். கையில் இருப்பதே நாலைந்து என்றால், இரண்டு போனதும் பாதி அட்டவணை காலி. 2005-இல் எம்ப்ரேயர் ஜெட்டுகளோடு பறக்கத் தொடங்கிய பாரமவுண்ட், குத்தகைத் தகராறில் சிக்கி 2010-இல் நின்றது. 2013-இல் தொடங்கிய விஜயவாடாவின் ஏர் கோஸ்டா, மறு ஆண்டே 50 புதிய ஜெட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. 2017 பிப்ரவரி 28-இல் சேவையை நிறுத்தியது. பெரிய அறிவிப்பைப் பார்த்து நம்பாதீர்கள். ரத்தாகும் விமானங்களை எண்ணிப் பாருங்கள்.

ஏஜென்டிடம் வாங்கினாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கே என்கிறது விதி. நிறுவனமே படுத்துவிட்டால் வங்கிகளுக்குப் பின்னால் நாம் வரிசையில் நிற்க வேண்டியதுதான். கார்டில் கட்டியிருந்தால், சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடமாவது முறையிட்டிருக்கலாம். அந்த வழியைத்தான் "மெஷின் பழுது" அடைத்தது.

"கம்பெனி கொடுத்தால் நான் கொடுக்கிறேன்", "அடுத்த மாதம் பாருங்கள்" என்றே கடைக்காரர் நாளை ஓட்டினார். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும் என்பது வக்கீலைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. கெடு முடிந்திருந்தது. வடசென்னைக்கென்றே மாவட்ட ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணம் கிடையாது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தையும் அழைக்கலாம். தவணை சொன்னால் காத்திருக்காதீர்கள்.

கடை இன்றும் திறந்திருக்கிறது. பெயர்ப்பலகை மட்டும் புதிது, உள்ளே அதே பெஞ்ச். மெஷின் பழுது என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.