யூஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமர்: வீட்டில் அரித்த போட்டுக்கு நம்பி வாங்கலாமா?

வாங்கலாம். செம்புத் தகட்டை வீட்டில் அரித்துச் செய்த சர்க்கிட் போட்டில் உள்ள ஏவிஆர் சிப்புக்கு, கணினியின் யூஎஸ்பி வழியாக நிரல் ஏற்றும் சிறு கருவி இது. ஆனால் "டார்கெட் (அதாவது சிப்) பதில் சொல்லவில்லை" என்று நிரல் ஏற்றும் மென்பொருளான ஏவிஆர்டியூட் எழுதியதும் கருவியைக் குறை சொல்லக் கூடாது. பெரும்பாலும் வேகம்தான் காரணம்.

புதிய அட்மெகா328பி சிப் உள்ளே 8 மெகாஹேர்ட்ஸை எட்டால் வகுத்து, 1 மெகாஹேர்ட்ஸில் ஓடும். நிரல் ஏற்றும் கடிகாரம் அதன் நாலில் ஒன்றுக்குக் கீழே, அதாவது 250 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழே இருக்க வேண்டும். யூஎஸ்பிஏஎஸ்பியின் வழக்கமான வேகமோ 375. ஏவிஆர்டியூட் கட்டளையில் பெரிய ஆங்கில 'பி'யுடன் (-B) 10 கொடுத்தால் ஏறத்தாழ 94க்கு இறங்கும். மலிவு நகல்களில் பழைய ஃபேம்வெயார் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) இருந்தால் இந்தக் கட்டளை எடுபடாது. அப்போது கருவியில் வேகத்தைக் குறைக்கும் ஜேபி3 ஜம்பரை இணையுங்கள். சிலவற்றில் அங்கே வெறும் இரண்டு துளைகள்தான் இருக்கும், சிறு கம்பி வைத்து ஈயம் ஒட்டினால் போதும். சிப்பின் கடிகார அமைப்பான லோ ஃபியூஸை 0எக்ஸ்இ2 ஆக்கி, எட்டால் வகுப்பதை நிறுத்திய பிறகு ஜம்பரைக் கழற்றலாம்.

அதற்கும் பதில் இல்லையென்றால் போட்டைப் பாருங்கள். 7, 20ஆம் கால்கள் இரண்டுக்கும் 5 வோல்ட், 8, 22 இரண்டுக்கும் கிரவுண்ட். அனலொக் பகுதிக்கு மின் தரும் ஏவிசிசியான 20ஐ விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. சிப்பை ஒட்டியே 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி, ரீசெட்டுக்கு 10 கிலோ ஓம் தடையி. மல்டிமீற்றரை பீப் நிலையில் வைத்து, கனெக்டர் முனையிலிருந்து சிப்பின் கால் வரை அளந்து பாருங்கள். தடத்தைக் காக்கும் டோனர் மை சரியாக ஒட்டாத இடத்தில், செம்பை அரிக்கும் பெரிக் குளோரைட்டு மயிரிழை வெடிப்பு விட்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மட்டக்களப்பின் கடலோரமான கல்லடி, நாவலடிப் பக்கம் உப்புக்காற்றில் வெறும் செம்பு விரைவில் பச்சை பிடிக்கும். ஒட்டிய அன்றே ஃபிளக்ஸைக் கழுவி வார்னிஷ் பூசுங்கள்.

கருவியின் உண்மையான குறை 3.3 வோல்ட் ஜம்பர். பல நகல்களில் அது மின்வழங்கலை மட்டும் மாற்றும், சிக்னல் கம்பிகள் 5 வோல்ட்டிலேயே நிற்கும். அதே கம்பிகளில் எஸ்டி காட் இருந்தால் கழற்றிவிட்டே ஏற்றுங்கள்.

விண்டோஸில் சாடிக் என்ற மென்பொருள் மூலம் டிரைவர் போட வேண்டும். 10 முனைக் கனெக்டரை 6 முனையாக்கும் அடப்டரையும் சேர்த்தே ஓடர் பண்ணுங்கள்.