சுங்கை சிப்புட்டில் பிளம்பர் தேடிய கதை

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிற அம்மா வீட்டுப் பின்பக்கம் நாலு படி இறங்கினால் துணி துவைக்கிற இடம். டொரோண்டோவாக இருந்தால் அதையும் பேஸ்மெண்ட் என்று சொல்லி வாடகைக்கு விட்டிருப்பார்கள். இந்த முறை போனபோது அங்கே தண்ணீர் வடிய மாட்டேன் என்று அடம்பிடித்தது. வாஷிங் மெஷின் ஓடி முடித்தால் பாதம் நனைய நிற்கும். அரை மணி கழித்துத்தான் இறங்கும்.

ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. வாட்சப்பில் கேட்டால் மதியமே மோட்டார் சைக்கிளில் வந்துவிடுகிறார்கள். முதலில் வந்த பையன் தரையில் தண்ணீர் இறங்குகிற ஃப்ளோர் டிராப்பின் மூடியைத் தூக்கி, அடைப்பு எடுக்கிற ஸ்பிரிங் கம்பியை விட்டுச் சுழற்றி, முடியும் சோப்புக் கசடுமாக ஒரு கொத்தை இழுத்துப் போட்டான். 150 வெள்ளி (ரிங்கிட்). தண்ணீர் சர்ரென்று இறங்கியது. அடுத்த மழைக்கு மறுபடி அதே கதை. கூப்பிட்டுக் கேட்டால், தரையை உடைத்துக் குழாயை மாற்றணும், 1,800 வெள்ளி ஆகும் என்கிறான்.

பக்கத்து வீட்டில் காஸ்டிக் சோடா கொட்டச் சொன்னார்கள். கொழுப்பைக் கரைக்கும்தான், ஆனால் அது கலந்த தண்ணீர் நிற்கும்போது யாராவது கம்பி விட்டால் கண்ணில் தெறிக்கும். வேண்டாம் என்றேன். கழிவுநீர் கம்பெனி இண்டா வாட்டரைக் கூப்பிடு என்றார் அம்மா. அவர்கள் பார்ப்பது கழிவறைத் தொட்டியும் பொதுக் கழிவுக் குழாயும். இந்த மாதிரிப் பழைய வீட்டில் துவைக்கிற தண்ணீர் நேராக லோங்காங்குக்குத்தான், அதாவது வெளியே ஓடுகிற சாக்கடைக்குத்தான் போகிறது.

அப்புறம் வந்தவர், தோட்டத்தில் லயத்து (தொழிலாளர் வீட்டு வரிசை) கால்வாய் வேலை பார்த்த பெரியவர். கையில் ஒரு மண்வெட்டி, ஒரு வாளி, அவ்வளவுதான். ஃப்ளோர் டிராப் பக்கமே போகவில்லை.

"மழைக்குத்தானேக்கா மோசமாவுது?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் பின்சந்துக்கு நடந்தார். "தம்பி, உள்ள ஒரு வாளி ஊத்துங்க."

ஊற்றினேன். வெளியே சொட்டுகூட வரவில்லை; குழாயின் வாயையே காணோம். அவர் சேற்றைக் கிளறிக் கிளறித்தான் அதைக் கண்டுபிடித்தார். முக்கால்வாசி புதைந்து கிடந்தது. துவைக்கிற இடமே தாழ்வு. மழையில் லோங்காங் நிரம்பிக் குழாய்க்கு மேலே ஏறிவிட்டால் வீட்டுத் தண்ணீர் எங்கே போகும்? அவர் அள்ளி எறிந்ததும் கறுப்பாகக் குபுக்கென்று கொட்டியது, பின்னாலேயே ஒரு பள்ளிக்கூட சாக்ஸ்.

கேட்டது 60 வெள்ளி. சற்றுத் தள்ளி யாரோ குசினியை நீட்டி லோங்காங்குக்கு மேல் சிமெண்டுப் பலகை போட்டிருக்கிறார்கள். மண் தேங்குவது அங்கேதான் என்று காட்டினார். படம் எடுத்து நகராண்மைக் கழகத்துக்கு அனுப்பினேன், லாரி வந்து அள்ளிப் போனது. பலகை அப்படியே இருக்கிறது, அந்த வீட்டாரோடு அம்மாவுக்கு நல்ல பழக்கம் வேறு.

அக்டோபர், நவம்பர் இடிமழைக்கு முன்னால் ஒரு தடவை வந்து அள்ளிவிடப் பெரியவரிடமே சொல்லி வைத்திருக்கிறேன். அம்மா தங்கச்சி வீட்டுக்குப் போய்த் தங்கிவிட்டு வந்தால், முதல் வேலையாக ஃப்ளோர் டிராப்பில் ஒரு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார் பெரியவர். உள்ளே நிற்கிற தண்ணீர் வற்றிவிட்டால் நாற்றமும் கரப்பான்பூச்சியும் அந்த வழியாகத்தான் ஏறுமாம்.