செக்யூர் ஃபர்ம்வேரைக் கூப்பிட எது நல்லது: ஆப்ஸ் டேபிளா, எஸ்எம்சிசிசியா?

கப்பலூரில் நாங்கள் செய்கிற மில் கண்ட்ரோலரில் பழைய 32 பிட் ஏஆர்எம் போர்டோடு புதிதாக ஒரு 64 பிட் போர்டும் சேர்ந்தது. இரண்டிலும் ஓடுவது லினக்ஸ். இரண்டாவது கோரை எழுப்புவது, சஸ்பெண்ட், ரேண்டம் எண் எல்லாம் செக்யூர் ஃபர்ம்வேர் (லினக்ஸுக்குக் கீழே தனிப் பாதுகாப்பில் ஓடும் மென்பொருள்) கையில். லினக்ஸின் மையமான கெர்னல் அதைக் கூப்பிட ஒரே பொது வழி வேண்டும் என்று உட்கார்ந்தோம். ஏஆர்எம் வகுத்த எஸ்எம்சிசிசி (எஸ்எம்சி காலிங் கன்வென்ஷன், ஃபர்ம்வேரைக் கூப்பிடும் பொது விதி) முறையைத்தான் எடுத்தோம். இன்னொரு முறை கேட்டாலும் அதையே சொல்வேன்.

ஆப்ஸ் டேபிள் எளிமையானது, வேலைக்கு ஒரு ஃபங்ஷன் என்று போட்ட பட்டியல். 32 பிட் கெர்னலில் இருக்கும் ஃபர்ம்வேர் ஆப்ஸ் அந்த ரகம்தான்: கோரை எழுப்ப ஒரு ஃபங்ஷன் பாயிண்டர், ஐடிலுக்கு ஒன்று, எல்2 கேஷுக்கு ஒன்று. சிப்காரர் தன்னிடம் இருப்பதை நிரப்புவார். படிக்கவும் சுலபம்.

எஸ்எம்சிசிசியில் டேபிள் கிடையாது, எண்தான். கோரை எழுப்பும் 32 பிட் அழைப்புக்கு ஹெக்ஸில் 84000003. 31-வது பிட் 1 என்றால் ஃபாஸ்ட் கால், அதாவது நடுவில் நிற்காமல் ஒரே மூச்சில் முடியும் அழைப்பு. 30-வது பிட் 0 என்றால் 32 பிட் முறை. அடுத்த ஆறு பிட்டில் இருக்கும் 4, பொதுவான செக்யூர் சேவை என்று சொல்கிறது. சிப்காரருக்கு 2, போர்டு செய்பவருக்கு 3. பின்கோடில் 625 பார்த்ததும் மதுரை வட்டாரம் என்று தெரிகிற மாதிரி, எண்ணைப் பார்த்தாலே யாருடைய சேவை என்று தெரிந்துவிடும். ஃபர்ம்வேருக்குத் தெரியாத எண் என்றால் -1 திரும்பி வரும், அதனால் ஒரு சேவை இல்லை என்பதைக் கூப்பிட்டே தெரிந்துகொள்ளலாம்.

அந்த -1 தான் எங்களை முடிவெடுக்க வைத்தது, ஏனென்றால் செலவு முழுக்கப் பராமரிப்பில்தான் இருக்கிறது. டேபிள் வழியில் புதுச் சேவை வந்தால் ஸ்ட்ரக்சரில் ஒரு இடம் கூட்ட வேண்டும், அப்புறம் ஒவ்வொரு பிளாட்ஃபார்மிலும் அதை எழுதி நிரப்ப வேண்டும். 2018-இல் ஸ்பெக்டர் என்ற ப்ராசஸர் பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தபோது நடந்ததைப் பாருங்கள். எஸ்எம்சிசிசி 1.1-இல் அதற்கென ஓர் அழைப்பைச் சேர்த்தார்கள். கெர்னலின் பொதுக் கோடு முதலில் பதிப்பைக் கேட்கும், பிறகு 'இது உன்னிடம் உண்டா' என்று கேட்கும், இருந்தால் பயன்படுத்தும். ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால் போதும். கெர்னலில் தனித்தனி போர்டுக்கென்று யாரும் எதையும் எழுத வேண்டியதில்லை. ஐந்தாறு பேர் இருக்கும் டீமுக்கு, கெர்னல் மாற்றும்போதெல்லாம் பழைய பேட்ச்சைத் தூக்கிக்கொண்டு அலையாமல் இருப்பதே பெரிய விஷயம். 1.1-இல் எக்ஸ்4 முதல் எக்ஸ்17 வரை ரெஜிஸ்டர்கள் (ப்ராசஸருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) கலையாமல் திரும்பும் என்பதால் அழைப்பும் இலேசாகிவிட்டது.

எல்லா இடத்துக்கும் இது சரிப்படாது. இந்த முறை வருவதற்கு முன்னால் வந்த சிப்களுக்குத் தனிப் பழக்கம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் ஓமேப் சிப்பில் சேவை எண் ஆர்12 ரெஜிஸ்டரில் போகும். எங்கள் பழைய போர்டும் அந்தக் காலத்துச் சிப்தான். அதில் ஆப்ஸ் டேபிளையே விட்டுவைத்திருக்கிறோம், புதிதாக எதுவும் சேர்ப்பதில்லை. யீல்டிங் கால்கள் (நடுவில் நிறுத்தித் தொடரக்கூடிய அழைப்புகள்), ஆப்டீ (செக்யூர் பக்கத்தில் ஓடும் ஓஎஸ்) பக்கம் நாங்கள் அதிகம் போனதில்லை. அதில் அனுபவப்பட்டவர்கள் பேச்சுக்குத்தான் எடை அதிகம்.

சிப் வாங்கும் முன் சாம்பிள் போர்டை பூட் செய்து, லாகில் பிஎஸ்சிஐ (கோரை எழுப்புவது, சஸ்பெண்ட் போன்றவற்றுக்கான ஏஆர்எம் விதி) வரிகளைத் தேடுங்கள். எஸ்எம்சி காலிங் கன்வென்ஷன் 1.1 அல்லது அதற்கு மேல் என்று ஒரு வரி இருக்க வேண்டும். 1.0 என்று காட்டினால், புது ஃபர்ம்வேர் எப்போது தருவார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு ஆர்டர் போடுங்கள்.